கவுன்ட்டிப் பத்திரிகைக்கு யார் காசு கொடுத்தார்கள்? அமெரிக்கச் சிற்றூர்களின் முதல் வார ஏடுகள்

1850களில் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், ஏதோ ஒரு சிற்றூரில் அச்சான வாரப் பத்திரிகையை முதன்முதலாகப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பெயரென்னவோ உள்ளூர்ப் பத்திரிகை, உள்ளூரைத்தான் காணோம். முதல் பக்கத்தில் ஒரு கவிதை இருக்கும். அடுத்த பத்தியில் கண்ணீரும் கல்யாணமுமாக ஒரு கதை. அதற்குப் பிறகு வாஷிங்டனில் யாரோ ஒரு செனட்டர் பேசிய நீண்ட பேச்சு, வாரக்கணக்கில் பழசாகிப்போன ஐரோப்பியச் செய்தி. ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தப் பாலத்தை வெள்ளம் அடித்துப் போனது என்று தேடினால், மூன்றாம் பக்கத்தில் நாலு வரி அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

காரணம் எளிது. சில நூறு பேர் வாழும் ஊரில் திங்கட்கிழமை பாலம் உடைந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வியாழக்கிழமை வரும் பத்திரிகையில் அதைப் படிக்க யார் காசு கொடுப்பார்கள்? ஊருக்குத் தெரியாதது வெளியுலகம். அதனால் பத்திரிகை வெளியுலகத்தைக் கொண்டுவந்தது.

அப்படியானால் அந்தச் சின்னஞ்சிறு ஊர்களில் பத்திரிகை ஏன் முளைத்தது? கடைத்தெரு ஒழுங்காக உருவாகும் முன்பே, சில இடங்களில் ஊரே உருவாகும் முன்பே, அச்சு இயந்திரம் எப்படி வந்து இறங்கியது? இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: பத்திரிகைக்காரரின் கணக்கு நோட்டைப் பார்ப்பது. வாசகர் தந்த சந்தா அதில் கடைசி வரவாக இருக்கும். அதற்கு மேலே எழுதியிருக்கும் வரவுகள்தான் விஷயம்.

அதற்கு முன் கவுன்ட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே வரும் நிர்வாகப் பிரிவு அது. நீதிமன்றம், நிலப் பதிவு அலுவலகம், வரி வசூல் எல்லாம் கவுன்ட்டியின் தலைமை ஊரில் இருக்கும். விஸ்கான்சின் மாநிலத்தின் சாக் கவுன்ட்டியை எடுத்துக்கொள்வோம். மாநிலத் தலைநகர் மேடிசனுக்கு வடமேற்கே, விவசாயமும் காடும் கலந்த பகுதி. தலைமை ஊர் பராபூ. 1848இல் விஸ்கான்சின் மாநிலமானது. 1850இலேயே பராபூவில் ‘சாக் கவுன்ட்டி ஸ்டாண்டர்ட்’ வெளிவந்துவிட்டது. 1855இல் ‘பராபூ ரிபப்ளிக்’ வந்தது. பத்திரிகை உலகின் ஒரு பெரிய மாற்றம் இந்த இரண்டாவது ஏட்டின் அலுவலகத்தில்தான் தொடங்கியது. அதைப் பின்னால் பார்க்கலாம். ரயில் பராபூவை எட்டியது 1871இல்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏடுகளின் முதல் இருபது ஆண்டுகள் மாட்டுவண்டிப் பாதையிலும் குதிரைவண்டித் தபாலிலும் கழிந்தவை.

ஒரு பத்திரிகை ஆரம்பிக்கத் தேவைப்பட்டவை: ஒரு கை அச்சு இயந்திரம், சில பெட்டி ஈய எழுத்து, காகிதம், மை, ஒரு ஆள், ஒரு பையன். ஆள்தான் ஆசிரியர், எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர், விளம்பரம் பிடிப்பவர், கணக்குப்பிள்ளை எல்லாம். பையன் தரை கூட்டுவான், மை தடவுவான், எழுத்துகளைப் பிரித்துப் போடுவான். பின்னாளில் மார்க் ட்வெயின் என்று உலகம் அறிந்த சாமுவேல் கிளமென்ஸ் மிசௌரியின் ஹானிபல் ஊரில் இப்படி ஒரு அச்சாபீஸ் பையனாக இருந்தவர்தான்.

அந்த இயந்திரம் பெரும்பாலும் ‘வாஷிங்டன் பிரஸ்’ என்ற வகை. சாமுவேல் ரஸ்ட் என்பவர் 1820களில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. பழைய மரத் திருகு அச்சுக்குப் பதிலாக, மடங்கி நிமிரும் இரும்பு மூட்டு ஒன்று அழுத்தத்தைக் கொடுத்தது. கழற்றி வண்டியில் ஏற்றலாம், இறங்கிய இடத்தில் பூட்டலாம். புது ஊர்களுக்கு இதைவிடத் தோதான இயந்திரம் கிடைத்திருக்காது.

இதில் ஒரு தாளை அச்சிடுவது எப்படி என்று பார்த்தால்தான் பிற்பாடு நடந்தவை புரியும். கம்பாசிட்டர் இடது கையில் ஸ்டிக் என்ற சிறு எழுத்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பெட்டியின் அறைகளிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்குவார். ஒரு வரி நிறைந்ததும் இடைவெளித் துண்டுகளைச் செருகி இறுக்குவார். வரிகள் சேர்ந்து பத்தியாகி, பத்திகள் பக்கமாகி, இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கப்பட்டு இயந்திரத்தின் படுக்கையில் ஏறும். காகிதத்தை முந்தின நாளே ஈரப்படுத்தி வைத்திருப்பார்கள். அப்போதுதான் மை நன்றாகப் பிடிக்கும். பையன் உருளையால் மை தடவ, ஆள் தாளை வைத்து, மூடி, படுக்கையை உள்ளே தள்ளி, கைப்பிடியை இழுத்து, மறுபடி வெளியே இழுத்துத் தாளை எடுப்பார். மை உருளை வச்சிரப் பசையையும் வெல்லப்பாகையும் காய்ச்சி வார்த்தது. விஸ்கான்சின் குளிரில் அது கட்டையாகிவிடும். அடுப்பு மூட்டி அறையைச் சூடாக்காமல் குளிர்கால இதழ் எதுவும் வெளிவராது.

இரண்டு பேர் சுணங்காமல் வேலை செய்தால் மணிக்கு இருநூறு, இருநூற்றைம்பது தாள், அதுவும் ஒரு பக்கம்தான். நாலு பக்கப் பத்திரிகை என்பது நடுவில் மடித்த ஒரே தாள். வெளிப்புறம் ஒன்றும் நாலும், உட்புறம் இரண்டும் மூன்றும். ஐந்நூறு பிரதி வேண்டுமென்றால் ஆயிரம் முறை கைப்பிடியை இழுக்க வேண்டும். அதனால் வாரத் தொடக்கத்திலேயே வெளிப்புறத்தை முடித்துவிடுவார்கள். கவிதை, கதை, பேச்சு போன்ற கெட்டுப்போகாத சரக்கு அங்கே போகும். கடைசி நேரச் செய்தி உட்புறத்தில். மூன்றாம் பக்கத்தில் ஏன் உள்ளூர்ச் செய்தி இருக்கிறது, முதல் பக்கம் ஏன் ஊசிப்போன மாதிரி இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். முக்கியமானது முதல் பக்கத்தில் வரும் என்ற நம் பழக்கத்தோடு பழைய ஏட்டைத் திறந்தால் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

இப்போது கணக்கு நோட்டுக்கு வருவோம்.

முதல் வரவு, மனை விற்பவர்களிடமிருந்து. மேற்கே புது நிலம் திறக்கத் திறக்க, சிலர் சேர்ந்து கம்பெனி அமைத்து, காட்டில் கோடு கிழித்து, ஊருக்குப் பெயர் வைத்து, மனைகளை விற்பார்கள். வாங்க வேண்டியவர்கள் கிழக்கே நியூயார்க்கிலும் ஒஹையோவிலும் இருக்கிறார்கள். அவர்களை நம்பவைக்க ஒரு பத்திரிகை வேண்டும். பத்திரிகை இருந்தால் ஊர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்! கான்சஸில் லெவன்வொர்த் ஊரின் முதல் பத்திரிகை ‘கான்சஸ் வீக்லி ஹெரால்டு’ 1854 செப்டம்பரில் வந்தபோது, அதற்கு எழுத்துக் கோத்தது ஒரு எல்ம் மரத்தடியில். கூரை போட்ட அச்சாபீஸ் இன்னும் வரவில்லை. இப்படிப்பட்ட ஏடுகளில் மண் எப்போதும் கறுப்பு மண், தண்ணீர் எப்போதும் தித்திப்பு, ரயில் அடுத்த ஆண்டு கட்டாயம் வந்துவிடும். ஆசிரியருக்கு மனையாகவே கூலி கிடைப்பதும் உண்டு. ஊர் வளர்ந்தால் அவர் மனையின் விலையும் ஏறும். கெட்ட செய்தி போட அவருக்கு என்ன பைத்தியமா?

இரண்டாவது வரவு அரசியலிலிருந்து. பத்திரிகையின் பெயரிலேயே கட்சி தெரியும். ‘ரிபப்ளிக்’, ‘ரிபப்ளிகன்’ என்றால் ஒரு பக்கம், ‘டெமாக்ரட்’ என்றால் மறு பக்கம். பராபூ ரிபப்ளிக் குடியரசுக் கட்சியின் ஏடு. நடுநிலை என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, வாசகரும் எதிர்பார்க்கவில்லை. கட்சிக்காரர்கள் இயந்திரம் வாங்கக் கடன் கொடுப்பார்கள். கட்சி ஜெயித்தால் ஆசிரியருக்குப் போஸ்ட் மாஸ்டர் வேலை கிடைக்கும். அதைவிடப் பெரியது கவுன்ட்டியின் அச்சு வேலை. கவுன்ட்டி வாரியத்தின் நடவடிக்கைகள், தேர்தல் அறிவிப்பு, வரி பாக்கி வைத்தவர்களின் பட்டியல் எல்லாவற்றையும் சட்டப்படி பத்திரிகையில் வெளியிட்டாக வேண்டும். வரி பாக்கிப் பட்டியல் வரும் வாரம் பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் மனை எண்கள் ஓடும். படிப்பவர் கண் வலிக்கும். ஆசிரியர் வீட்டில் அன்றைக்கு விருந்து. இந்த ‘அதிகாரபூர்வ ஏடு’ என்ற தகுதி எந்தப் பத்திரிகைக்கு என்பதில் ஒரே தெருவில் இருந்த இரண்டு ஆசிரியர்கள் வாரா வாரம் ஒருவரையொருவர் திட்டித் தீர்த்துக்கொண்டது கொள்கைச் சண்டை போலத் தெரியும். பாதிக்கு மேல் இந்த அச்சுக்கூலிச் சண்டைதான் என்பது என் அபிப்பிராயம்.

கவுன்ட்டியின் தலைமை ஊர் எது என்ற சண்டை இன்னும் மோசம். நீதிமன்றம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் பிழைக்கும், மற்றது அழியும். எனவே போட்டி ஊர்கள் ஆளுக்கொரு பத்திரிகையை வைத்துக்கொண்டு மோதின. கான்சஸின் தென்மேற்கு மூலையில் ஸ்டீவன்ஸ் கவுன்ட்டியில் ஹியூகோட்டன், உட்ஸ்டேல் என்ற இரண்டு ஊர்கள் இப்படி மோதி, 1888 ஜூலையில் நாலு பேர் சுட்டுக் கொல்லப்படும் வரை போனது. உட்ஸ்டேலை நிறுவிய சாம் வுட் பழைய பத்திரிகைக்காரர். 1891இல் ஹியூகோட்டனில் அவரும் சுடப்பட்டு இறந்தார். ஹியூகோட்டன் இன்றும் தலைமை ஊர். உட்ஸ்டேல் வரைபடத்தில் இல்லை.

அச்சு இயந்திரமே குறிவைக்கப்பட்ட காலமும் உண்டு. அடிமை முறையைக் கான்சஸில் அனுமதிப்பதா என்ற சண்டையில், 1855 ஏப்ரலில் மிசௌரியின் பார்க்வில் ஊரில் ஒரு கும்பல் ‘லூமினரி’ பத்திரிகையின் இயந்திரத்தைத் தூக்கி மிசௌரி ஆற்றில் போட்டது. 1856 மே 21 அன்று கான்சஸின் லாரன்ஸ் ஊரில் இரண்டு பத்திரிகைகளின் அச்சாபீஸ்கள் நொறுக்கப்பட்டன, எழுத்துகள் ஆற்றில் வீசப்பட்டன. லாரன்ஸ்காரர்கள் அந்த ஈயத்தை மீட்டு உருக்கிப் பீரங்கிக் குண்டாக வார்த்து, ஆகஸ்டில் அடிமை முறையை ஆதரித்த எதிரியின் கோட்டைமீது சுட்டார்கள், ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீடம்’ பத்திரிகையின் இரண்டாம் பதிப்பு இதோ வருகிறது என்று கத்திக்கொண்டே சுட்டார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள்.

மூன்றாவது வரவுதான் எனக்கு மிகச் சுவாரசியமானது: நில அறிவிப்பு. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், 160 ஏக்கர் அரசு நிலத்தில் ஐந்து ஆண்டு குடியிருந்து உழுதவருக்கு அந்த நிலம் சொந்தம் என்றது. உண்மையிலேயே குடியிருந்தாரா, உழுதாரா என்று கடைசியில் நிரூபிக்க வேண்டும். 1879இல் வந்த சட்டம் ஒன்று, அப்படி நிரூபிக்கப் போகிறேன் என்பதை நிலத்துக்கு அருகில் உள்ள பத்திரிகையில் முன்கூட்டி வாரா வாரம் அறிவிக்கச் சொன்னது. ஆட்சேபம் உள்ளவர் வந்து சொல்லட்டும் என்பது நோக்கம். அறிவிப்பில் பெயர், நிலத்தின் அளவைக் குறிப்பு, நாள், இடம் ஆகியவற்றோடு சாட்சி சொல்லக்கூடிய நாலு அண்டைவீட்டார் பெயரும் இருக்கும். கூலியைக் கொடுப்பவர் குடியேறிய விவசாயி.

‘அருகில் உள்ள பத்திரிகை’ என்ற அந்த மூன்று சொல்லில் ஒரு தொழிலே பிறந்தது. டகோட்டாவில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் ஒரே சமயத்தில் குடியேறிய இடத்தில், ஒருவர் தகரக் கொட்டகை போட்டு, கை அச்சு ஒன்றை இறக்கினால் போதும். சுற்றுவட்டாரத்து அறிவிப்பெல்லாம் அவருக்குத்தான். வாசகர் வேண்டாம், செய்தி வேண்டாம். சட்டம் திருப்தியடையும் அளவுக்குச் சில பிரதி அச்சானால் சரி. தெற்கு டகோட்டாவில் எட்வர்ட் சென் என்பவர் இப்படி இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட சிற்றேடுகளை ஒரே நேரத்தில் நடத்தினார். அந்த வட்டாரத்தின் நிலங்கள் எல்லாம் பட்டாவானதும் வரவு நின்றுவிடும். இயந்திரத்தை வண்டியில் ஏற்றி அடுத்த வட்டாரத்துக்கு நகர வேண்டியதுதான். பழைய பட்டியல்களில் இரண்டு மூன்று ஆண்டே வாழ்ந்து மறைந்த டகோட்டா ஏடுகள் கொத்துக் கொத்தாகக் கிடப்பதற்கு இது பெரிய காரணம். தோற்றுப்போன பத்திரிகைகள் என்று அவற்றைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை. வந்த வேலை முடிந்தது, போய்விட்டன.

நாலாவது, மருந்து விளம்பரம். ஈரல் முதல் இதயம் வரை எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் குணமாக்கும் கஷாயங்கள். பெண்கள் நோய்க்கு லிடியா பிங்க்ஹாம் அம்மையாரின் மருந்து 1875 முதல் விற்பனைக்கு வந்தது. அவர் முகம் போட்ட விளம்பரம் போகாத ஊரில்லை. பல கஷாயங்களில் சாராயம் தாராளம். உள்ளே என்ன இருக்கிறது என்று பாட்டிலில் எழுத வைத்த 1906ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை இந்தப் பணம் ஆறாக ஓடியது.

கடைசி வரவு சந்தா. பணப்புழக்கம் இல்லாத ஊரில் விவசாயியிடம் காசு எங்கே இருக்கும்? விறகு, சோளம், உருளைக்கிழங்கு, பன்றிக்கறி எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று ஆசிரியர்களே பத்திரிகையில் எழுதினார்கள். குளிர்காலம் நெருங்கினால் அந்த வேண்டுகோளில் விறகு முதலிடத்துக்கு வந்துவிடும்; அடுப்பு இல்லாவிட்டால் உருளை கட்டையாகிவிடும் அல்லவா. சந்தா பாக்கியை ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதும் சகஜம். பிரதிகளின் எண்ணிக்கையைக் காட்டித்தானே விளம்பரம் கேட்க முடியும்? கொடுக்காதவரின் பெயரை வெட்டினால் எண்ணிக்கை குறையும். 1908இல் தபால் துறை, ஓராண்டுக்கு மேல் பாக்கி வைத்த வாரப் பத்திரிகைச் சந்தாதாரருக்குச் சலுகைக் கட்டணத்தில் அனுப்பக் கூடாது என்று விதி போட்ட பிறகுதான் இந்தப் பழக்கம் ஒழிந்தது.

தபால் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. 1792ஆம் ஆண்டுத் தபால் சட்டப்படி ஒரு கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட் வரை. பத்திரிகைக்கு 100 மைல் வரை ஒரே சென்ட். அதோடு, ஒரு பத்திரிகைக்காரர் இன்னொரு பத்திரிகைக்காரருக்கு அனுப்பும் பிரதிக்குக் கட்டணமே கிடையாது. இந்த இலவசப் பரிமாற்றம் 1873 வரை நீடித்தது. கிராமத்து ஆசிரியரின் செய்தி நிறுவனம் இதுதான். வாரா வாரம் மேசைமேல் குவியும் வெளியூர் ஏடுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, அப்படியே எழுத்துக் கோக்கக் கொடுத்துவிடுவார். ஒரு நகைச்சுவைத் துணுக்கு பாஸ்டனில் கிளம்பி, ஒஹையோ, இல்லினாய் என்று ஊர் ஊராகத் தாவி, ஆறு மாதம் கழித்து மறுபடி பாஸ்டனுக்கே புதுச் சரக்காக வந்து சேர்வதெல்லாம் நடக்கும். 1851இல் இன்னொரு சலுகை வந்தது: வாரப் பத்திரிகை தன் கவுன்ட்டிக்குள் இலவசமாகப் போகலாம். பெருநகரப் பத்திரிகைகள் கிராமத்துக்குள் நுழைந்து இவர்களை விழுங்கிவிடாமல் இருக்க இது ஒரு வேலியாக நின்றது.

இப்போது பராபூவுக்குத் திரும்புவோம். 1861. உள்நாட்டுப் போர் வெடித்துவிட்டது. ரிபப்ளிக்கின் உரிமையாளர் ஆன்சல் நாஷ் கெல்லாக்கிடம் இருந்த கம்பாசிட்டர் படையில் சேர்ந்து போய்விட்டார். நாலு பக்கமும் கோக்க ஆள் இல்லை. போர்ச் செய்திக்கோ ஊரே வாயைப் பிளந்து காத்திருக்கிறது. கெல்லாக் மேடிசனில் இருந்த ‘விஸ்கான்சின் ஸ்டேட் ஜர்னல்’ நாளேட்டுக்கு எழுதினார்: நீங்கள் ஏற்கெனவே கோத்து வைத்திருக்கும் போர்ச் செய்தியையே எனக்கும் கொஞ்சம் தாளில் அச்சிட்டு அனுப்புங்கள். ஜூலையில் வந்த இதழ்களில் அந்த மேடிசன் தாள் இணைப்பாகப் போனது. சீக்கிரமே இன்னும் கெட்டிக்கார யோசனை ஒன்று பிறந்தது. முழுத் தாளின் ஒரு புறத்தை மட்டும் மேடிசனில் அச்சடித்து அனுப்பட்டும். வெற்றுப் புறத்தைப் பராபூவில் நாம் அச்சடித்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன ஆயிரம் இழுப்புக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஐந்நூறு பிரதிக்கு இனி ஐந்நூறு இழுப்புதான். எழுத்துக் கோப்பதும் பாதி, முடிந்தபின் பிரித்துப் போடுவதும் பாதி. ஆசிரியரும் பையனும் மட்டுமே ஒரு பத்திரிகையை நடத்திவிடலாம். அண்டை ஊர் ஏடுகளும் இதைப் பிடித்துக்கொண்டன. மில்வாக்கியின் ‘ஈவினிங் விஸ்கான்சின்’ இதில் அடுத்த படிக்குப் போனது: அச்சடித்து அனுப்பும் பக்கத்தில் விளம்பரத்தையும் சேர்த்து, அந்த வருமானத்தால் தாளின் விலையைக் குறைத்தது. கெல்லாக் 1865இல் சிகாகோவுக்குப் போய் இதையே முழுநேரத் தொழிலாக்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான கிராமத்து ஏடுகளின் பாதி உடம்பு சிகாகோ போன்ற நகரங்களில் தயாரானது. வெற்றுத் தாளின் விலைக்கு அதிகம் வித்தியாசமில்லாமல் பாதி அச்சான தாள் வீடு தேடி வரும்போது யார் வேண்டாமென்பார்கள்?

பிறகு, முழுத் தாளுக்குப் பதிலாக வார்த்த உலோகத் தகடுகளாகவே செய்திப் பத்திகளை அனுப்பும் முறையும் வந்தது. தேவையான நீளத்துக்கு அறுத்து, இடைவெளியில் பொருத்தினால் வேலை முடிந்தது.

நகரத்துச் சரக்கு கிராமத்துப் பத்திரிகையைக் கெடுத்துவிட்டது என்று அன்றே பலர் புலம்பினார்கள். ஒரு கவுன்ட்டியில் எதிரெதிர்க் கட்சி ஏடுகள் இரண்டும் ஒரே கதையை, ஒரே கஷாய விளம்பரத்தை, ஒரே எழுத்துப்பிழையோடு தாங்கி வந்த கூத்தும் உண்டு. ஆனால் புலம்பியவர்கள் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. வெளியுலகச் செய்தியும் கதையும் தயாராக வந்துவிட்டதால், ஆசிரியரின் சொந்தக் கையில் மிஞ்சிய இரண்டு பக்கம் எதற்கு? உள்ளூருக்கு! அடிமட்டத்துச் செய்தி பத்தி பத்தியாகப் பெருகியது இந்தக் காலத்தில்தான். தந்தியும் ரயிலும் நகரத்து நாளேட்டை அன்றன்றே கொண்டுவரத் தொடங்கிய பிறகு, பழைய வெளியூர்ச் செய்தியை வெட்டி ஒட்டிக் காலம் தள்ளவும் முடியாது. கிராமத்து ஏட்டிடம் மட்டுமே இருந்த ஒரே சரக்கு கிராமம்.

அதை எழுதியவர்கள் ஊர் நிருபர்கள். கவுன்ட்டியின் ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒருவர்; பெரும்பாலும் குடும்பப் பெண்கள், பள்ளி ஆசிரியைகள். சம்பளமில்லை. இலவசப் பத்திரிகை, எழுதத் தாள், தபால்தலை, அவ்வளவுதான். புனைபெயரில் எழுதுவார்கள், ஆனால் யார் என்று ஊருக்கே தெரியும். இன்னார் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி, இன்னாருடைய குதிரை நொண்டுகிறது, மழை தேவை, வைக்கோல் அடுக்கியாயிற்று, பள்ளியில் தொண்டைநோய். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததை யார் படிப்பார்கள் என்று மேலே கேட்டேன். கவுன்ட்டி பெருத்து, ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் முப்பது மைல் என்றான பிறகு, எல்லோருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் தன் பெயர் அச்சில் வருவதைப் பார்க்கிற ஆசை வேறு.

இந்த ஏடுகளில் இல்லாத மனிதர்களையும் கவனிக்க வேண்டும். சாக் கவுன்ட்டியின் நிலம் ஹோ-சங்க் மக்களுடையது. 1837 உடன்படிக்கையில் அது அவர்களிடமிருந்து போனது; 1870களிலும் அவர்களைப் பிடித்து ரயிலேற்றி நெப்ராஸ்காவுக்கு அனுப்பினார்கள். குடியேறியவர்களின் பத்திரிகைகளில் அவர்கள் இடைஞ்சலாகவோ வேடிக்கையாகவோதான் வருகிறார்கள். மனை விற்கவும் நில அறிவிப்புப் போடவும் பிறந்த ஏட்டில் வேறெப்படி வருவார்கள்? பூர்வகுடிகள் தாங்களே நடத்திய பத்திரிகை இல்லாமல் இல்லை. ஜார்ஜியாவில் செரோக்கி மக்கள் 1828இலேயே ‘செரோக்கி பீனிக்ஸ்’ ஏட்டை ஆங்கிலத்திலும், செகோயா உருவாக்கிய எழுத்து முறையில் தங்கள் மொழியிலும் அச்சிட்டார்கள். 1835இல் அந்த இயந்திரத்தை ஜார்ஜியா அரசின் காவற்படை பறித்துக்கொண்டு போனது.

இவ்வளவு பழைய தாள்கள் எப்படி மிஞ்சின? பாதிப் புண்ணியம் பத்திரிகைக்காரர்களுக்கே. கான்சஸ் வரலாற்றுச் சங்கத்தை 1875இல் தொடங்கியவர்கள் அந்த மாநிலத்தின் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும்தான். ஒவ்வொருவரும் தம் ஏட்டை அனுப்பி வைக்க, அங்கே மாநிலத்தின் ஏடுகள் ஏறக்குறைய முழுதாகச் சேர்ந்துவிட்டன. காகிதத்தில் ஒரு விநோதம் உண்டு. 1850களின் இதழ் இன்றும் துணி மாதிரி மடங்கும், 1890களின் இதழ் தொட்டால் அப்பளமாக நொறுங்கும். முந்தையது கந்தல் துணிக்கூழில் செய்த தாள், பிந்தையது மலிவான மரக்கூழ்த் தாள். மரக்கூழில் உள்ள அமிலம் தாளைத் தானே தின்றுவிடும். அதனால்தான் இருபதாம் நூற்றாண்டில் அவசர அவசரமாக மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ இணையதளத்தில் அந்தப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

படிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று சொல்கிறேன். 1865க்குப் பிந்தைய இதழ் என்றால் உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் எழுத்து கூர்மையாக, மை சீராக இருக்கும். மற்றதில் எழுத்து தேய்ந்து, மை ஒரு மூலையில் அப்பி, இன்னொரு மூலையில் வெளுத்திருக்கும். அழகாக இருப்பது சிகாகோ சரக்கு. அசிங்கமாக இருப்பதைத்தான் படிக்க வேண்டும். தேடுபெட்டியில் பெயரைப் போட்டு எதுவும் வரவில்லை என்றால், தேய்ந்த எழுத்தைக் கணினி தப்பாக வாசித்திருக்கும். பெயரை நாலு விதமாக எழுதிப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் தடத்தைத் தேடுகிறவர் ஆசிரியரின் முழக்கத்தையெல்லாம் தாண்டி நேராக நில அறிவிப்புக்குப் போகலாம். அவர் தேடும் பெயர் நிலத்துக்காரராக வராமல், பக்கத்து நிலத்துக்காரருக்குச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட நாலு பேரில் ஒருவராக வந்திருக்க வாய்ப்பு அதிகம்.